நுரையீரலுக்கு ஐந்தரை மணி

என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் உடம்பைப் பற்றி விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அந்தச் சீனா மூச்சை எத்தனை மணிக்குங்க விடணும்?" காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுகிற நேரத்தில் கேட்கிறார்கள். ஒருவர் கிளம்பிவிட்ட பஸ்ஸின் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால் தப்பாகப் போய்விடுகிறது, விவரமாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. எனவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் பஸ் கண்டக்டர். காரைக்காலிலிருந்து பொறையார் வழியாக மாயவரம் போகிற தனியார் பஸ்ஸில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. ஓடுகிற வண்டியில் நின்று நின்று, அசையாத தரையில் நின்றால் எனக்குக் கால் ஊரும். வீட்டில் சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்துவிடுவேன். "உங்களைக் கட்டிப்போட்டுத்தான் சோறு போடணும்" என்பாள் என் மனைவி தவமணி. கட்டிப்போடும் காலம் வந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அது ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால் வலப்பக்க விலாவில் கத்தியால் குத்துவது போல ஒரு வலி. வாயுப் பிடிப்பு என்று ஓமம் மென்றேன், பூண்டு வதக்கித் தின்றேன். சாயந்தரமானால் உடம்பு காய்ந்தது. இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டியிருந்தது. அதையெல்லாம் மழைமேல் போட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

விசில்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கவேண்டும், இரண்டு அடித்தால் கிளம்பவேண்டும். ஆக்கூரில் ஆளை ஏற்றிவிட்டு இரண்டு அடிக்கப் பார்த்தேன். முதல் விசில் வந்தது. இரண்டாவதுக்கு நெஞ்சில் காற்று இல்லை. நகர்ந்துகொண்டிருந்த வண்டியை டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தினார். நிற்பவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"என்னண்ணே, போகச் சொல்றியா, நிக்கச் சொல்றியா?" என்று டிரைவர் திரும்பிக் கேட்டார்.

எனக்கே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

மறுநாள் தவமணி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவள் சுவரோரம் நின்றாள். நான் உட்காரவில்லை. வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன், போர்டுகளைப் படித்தேன். மூச்சு வாங்கியதும் நின்றேன், மறுபடியும் நடந்தேன். படம் வந்தது. இடது பக்கம் விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினாற்போல் இருக்கும், அதன் நடுவில் நீர் கோத்துக்கொண்டு நுரையீரலை அமுக்குகிறது என்றார். காசநோய்க் கிருமி செய்கிற வேலை. ஆனால் சளியில் கிருமி இல்லாததால் பிறருக்கு ஒட்டாது, பொது வார்டிலேயே இருக்கலாம். காசம் என்ற சொல்லைக் கேட்டதும் என் காது அடைத்துக்கொண்டது. தவமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வலப்பக்கந்தானுங்களா?"

படம் எதிரிலேயே தொங்குகிறது, இதையா கேட்பாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதுகுப்பக்கம் இரண்டு விலா எலும்புக்கு நடுவில் மரக்க ஊசி போட்டுவிட்டு, தடித்த ஊசி ஒன்றை இறக்கி நீரை எடுத்தார்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்க வேண்டும், இருமக்கூடாது, அசையக்கூடாது. அசையாமல் இருப்பதுதான் எனக்கு ஊசியைவிடப் பெரிய தண்டனை. வைக்கோல் ஊறின தண்ணீர் நிறத்தில் பாட்டில் நிறைந்தது. இதையா இத்தனை நாள் சுமந்துகொண்டு டிக்கெட் கிழித்தோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரைகள். ஊசி போட்ட இடம் உட்கார விடாது, காதுக்குள் சில்வண்டு கத்தும். மருந்துக்கும் படுக்கைக்கும் காசு வாங்கமாட்டார்கள். முட்டை, பால், ஆரஞ்சு என்று வெளியில் வாங்கியதற்குத் தவமணி தன் காதிலிருந்ததைக் கழற்றியிருந்தாள். நான் கேட்டபோது "திருகு தேஞ்சு போச்சு, பத்தவைக்கக் குடுத்திருக்கு" என்றாள். அதை நம்பினேனா இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நீரை எடுத்தபிறகும் நுரையீரல் விரியவில்லை. அதுதான் பிரச்சினை. டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்.

"அமுங்கிக் கெடந்த நுரையீரல் மறுபடி விரியணும். சும்மாப் படுத்திருந்தீங்கன்னா சவ்வு தடிச்சுத் தோல் மாதிரி ஆயிடும். அப்புறம் உள்ள இருக்கிறது விரிய முடியாது. மெட்ராஸ் அனுப்பி, விலாவைத் திறந்து, அந்தத் தோலை உரிச்சு எடுக்கவேண்டியிருக்கும். அதனால மூச்சுப் பயிற்சி செய்யுங்க. அடுத்த மாசம் படம் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

உரிப்பது என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. யாராவது சாத்துக்குடி உரித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படிப் பயந்தேன். பயந்தவன் ஒழுங்காக மூச்சுப் பயிற்சி செய்யவேண்டாமா? நான் செய்யவில்லை. நான்கு மூச்சு இழுப்பேன், வலிக்கும், எழுந்து ஜன்னலுக்குப் போவேன். பக்கத்துக் கட்டில் ஹமீது நானாவின் பேப்பரைப் பிடுங்கிப் படிப்பேன், பாதியில் திருப்பிக் கொடுப்பேன். அவர் சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர், இழுப்பு நோய்க்காரர். "தம்பி, ஒங்களைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்பார்.

இதில் சாயந்தரம்தான் ரொம்ப மோசம். அந்த நேரத்தில் காய்ச்சல் ஏறும். ஐந்தரைக்கு என் பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும். அதன் ஹாரன் எனக்குத் தெரியும், கட்டைத் தொண்டை. என் இடத்தில் வேறு ஒருவன் விசில் அடிப்பான், அதுவும் அரைகுறையாக. ஒரு நாள் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி உடுப்போடு வாசலுக்கு ஓடி வண்டியில் ஏறிவிட்டேன். புதுக் கண்டக்டர் மரியாதையாக சீட் கொடுத்தான், டிரைவர் சிரித்தார். எனக்கும் சந்தோஷம். கோட்டுச்சேரி வருவதற்குள் கண் இருட்டி, உதடு நீலம் பாரித்து, யாரோ ஒரு அம்மா முந்தானையால் விசிற, அடுத்து எதிரில் வந்த வண்டியில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சிஸ்டர் திட்டிய திட்டில் ஹமீது நானாவே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

தவமணி திட்டவில்லை. மறுநாள் வந்து முக்காலியை என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் பிறந்தது சைகோனில். அவளுடைய அப்பா காரைக்காலிலிருந்து போய் அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். அவர் இறந்தபிறகு தாயும் பெண்ணும் பையனும் கப்பல் ஏறி ஊர் வந்தார்கள். அங்கே அவர்கள் இருந்தது சோலோன் என்கிற சீனர் பகுதியில், ஒரு சீன வைத்தியரின் மருந்துக்கடைக்கு அடுத்த வீட்டில். அந்தக் கடையில் வேரும் பட்டையும் பொட்டலம் கட்டி வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் அவள் உடம்புக்கு மணி பார்ப்பதைக் கண்டு நான் எத்தனையோ கேலி செய்திருக்கிறேன்.

"சீனாக்காரங்க கணக்கு ஒண்ணு இருக்குங்க" என்றாள். "ஒடம்புல உயிர்ச்சக்தி நாள் முழுக்க ஒரு சுத்து வரும். ஒங்க பஸ் மாதிரின்னு வச்சுக்குங்களேன். ஒவ்வொரு உறுப்பும் ஒரு ஸ்டாப்பிங். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மணி நேரம் நிக்கும். அது நிக்கிற நேரத்துல அந்த உறுப்புக்கு வேலை குடுத்தா பலம் ஏறும். மத்த நேரத்துல பண்றது, போன வண்டிக்குக் கை காட்டுற மாதிரி."

"சரி, நுரையீரல் ஸ்டாப்பிங் எப்போ?"

"சாயந்தரம் அஞ்சுலேர்ந்து ஏழு. அஞ்சரைக்கு ஆரம்பிச்சா நல்லது."

பஸ் என்று சொன்னாளே, அதில் விழுந்துவிட்டேன். டாக்டர் 'மூச்சு விடுங்க' என்றபோது அது எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய, அதனால் எப்போதுமே செய்யாத காரியமாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு டைமிங் வந்துவிட்டது. டைமிங் தவறவிட்ட கண்டக்டர் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

கட்டில் விளிம்பில் நிமிர்ந்து, பாதம் தரையில் பட உட்கார வேண்டும். இடது கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கால் இழுக்கும்போது நெஞ்சு தூக்கக்கூடாது, கைக்குக் கீழே வயிறு எழும்ப வேண்டும். விடுவது இழுத்ததைவிட நீளமாக, சூடான டீயை ஊதுகிற மாதிரி. டாக்டர் சொன்னபடி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இடப்பக்கம் சாய்வதையும் அவள் சேர்த்துக்கொண்டாள். மூச்சை அவள் எண்ணுவாள், சைகோன் பாஷையில். "மொட்... ஹாய்... பா... போன்." நான்கு மூச்சு ஆனதும் மறுபடி மொட். நான்கைத் தாண்டமாட்டாள்.

"அதுக்கு மேல எண்ணத் தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"நாலு போதும். பேசாம இழுங்க" என்றாள்.

முதல் நாட்களில் வலியில் உயிர் போனது. அவளைச் சபித்தேன், சீன தேசத்தையே சபித்தேன். ஹாரன் கேட்டதும் என் கால் தானாகத் தரையில் தாளம் போடும். அவள் தன் பாதத்தை என் பாதத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு எண்ணுவாள். வண்டி போய்விடும். எண்ணிக்கை நிற்காது.

மற்ற நேரங்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. காலை ஏழிலிருந்து ஒன்பது இரைப்பையின் நேரம் என்று அந்த வேளைக்கு இட்லியும் முட்டையுமாக ஆள் மூலம் அனுப்புவாள். பதினொன்றிலிருந்து ஒன்று இதயத்துக்கு, அப்போது கோபப்படக்கூடாதாம். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் சிஸ்டரிடம் வேண்டுமென்றே எதையாவது கேட்டுத் தொந்தரவு செய்வேன்.

ஹமீது நானா கொஞ்ச நாள் கேலி செய்தார். "ஒடம்புக்கு டைம் டேபிள் போட்ட பொண்ண இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு ஒரு சாயந்தரம் தானும் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "மஃரிபு பாங்குக்கு முன்னாடி முடிச்சு விட்டுடும்மா, தொழுவணும்." அவரைப் பார்த்து எதிர்வரிசையில் கிளிஞ்சல்மேட்டு மீனவர் ஒருவர் சேர்ந்தார். அப்புறம் வார்டில் பாதிப்பேர். ஐந்தரையானால் அத்தனை ஆண்களும் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நடுவில் தவமணி முக்காலியில் உட்கார்ந்து அந்த ஊர் எண்ணைச் சொல்லுவாள். ஒருநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"சீனா நேரமோ சிங்கப்பூர் நேரமோ, எந்த மணியா இருந்தாலும் எனக்குச் சம்மதம். தெனம் செய்யுங்க. மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அந்த மாதம் முடிந்து எக்ஸ்ரேக்குப் போனபோது இந்த முறையும் நான் பெஞ்சில் உட்காரவில்லை. ஆனால் வராந்தாவை முழுதாக நடந்தும் மூச்சு வாங்கவில்லை என்பது நடந்து முடித்த பிறகுதான் உறைத்தது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைச் சுவர் இறங்கி அடியில் ஒரு மங்கலாக நின்றது.

"விரிஞ்சிருக்கு. ஓரத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு, அது பரவாயில்ல. மெட்ராஸ் வேண்டாம்."

நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். தவமணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிஸ்டர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். நோயாளி நானா அவளா என்று நான் கேலி செய்தேன்.

கோவில்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபிறகும் ஊசி தொடர்ந்தது, வேலைக்குப் போகக்கூடாது என்ற உத்தரவும் தொடர்ந்தது. ஐந்தரை மூச்சும் தொடர்ந்தது. வேலையில்லாத கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? பார்த்தவர்களுக்கெல்லாம் நுரையீரலின் நேரத்தைச் சொன்னேன். இழுப்பு நோய்க்காரர்கள், சுருட்டு பிடிக்கிறவர்கள், ஒன்றுமில்லாமல் பெருமூச்சு விடுகிறவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். ஊரில் பாதிப்பேர் சாயந்தரம் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பிரான்சில் வேலையாக இருந்த தவமணியின் தம்பி மனோகர் லீவில் வந்தான். ஒரு நாள் ஐந்து மணி சுமாருக்கு நான் நாற்காலியைத் தயார் செய்வதைப் பார்த்து என்ன என்று கேட்டான். பெருமையாகச் சொன்னேன்.

"சாயந்தரமா?" என்று சிரித்தான். "இல்ல அத்தான். சாயந்தரம் அஞ்சு மணி கிட்னிக்கு. நுரையீரலுக்கு விடியக்காலம் மூணுலேர்ந்து அஞ்சு. அந்த வைத்தியர் கடையில சொவத்துலயே படம் தொங்குமே, அக்காவுக்குத் தலைகீழாத் தெரியுமே!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கொல்லைக்குப் போனேன். தவமணி கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஊரு பூரா தப்பு நேரம் சொல்லி வச்சிருக்கேன்! கிட்னி நேரத்துல நுரையீரலுக்கு வேலை குடுத்திருக்கேன்! ஒனக்குத் தெரியாதா?"

அவள் நிமிரவில்லை. "விடியக்காலத்துல ஆம்பளை வார்டுல என்னை விடுவாங்களா?"

"நானே எண்ணிக்கிட்டிருப்பேனே."

"நீங்களா? ஹாரன் கேட்டதும் பஸ் ஏறிப் போன ஆளு. நீங்க ஓடுற நேரத்துல உக்கார வைக்கணும்னு தோணிச்சு, வச்சேன்."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடுகிற ஆளா?

"சரி, அது ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து எத்தனை நாளாச்சு? இங்க ஒன்னை யாரு தடுத்தா? உண்மையான நேரத்துக்கு மாத்தியிருக்கலாம்ல?"

அவள் கையில் கத்தி நின்றது. மீனைச் சட்டியில் வைத்தாள்.

"அப்பாவுக்கும் மாரில தண்ணிதாங்க. இதே வலப்பக்கம். வைத்தியர் வந்து பாத்துட்டு, விடியக்காலம் நுரையீரலோட நேரம், அதைத் தாண்டிட்டா பொழைச்சுக்குவாருன்னு சொன்னாரு. அம்மா அசந்து தூங்கிட்டாங்க. மனோ சின்னவன். நான்தான் பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணினேன். நாலு வரைக்கும் எண்ணினேன். அஞ்சு சொல்ல வாயைத் தொறந்தேன். அப்பாவுக்கு மூச்சு வரல."

கிணற்றடியில் காக்கை ஒன்று மீனுக்காக வந்து நின்றது. நாங்கள் இருவருமே அதை விரட்டவில்லை.

"அந்த நேரத்துல ஒங்க மூச்சை எண்ண என்னால முடியாதுங்க" என்றாள்.

பயந்தவன் நான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கந்தானா என்று அவள் கேட்டதும், எக்ஸ்ரே அறை வாசலில் தரையில் உட்கார்ந்ததும், நான்கோடு நிறுத்திக்கொண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஆகவே கேட்கிறவர்களுக்கு: சீனர் கணக்கில் அது விடியற்காலை. எங்கள் வீட்டுக் கணக்கில் சாயந்தரம் ஐந்தரை. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அன்றைக்கு அவள் கை கழுவிவிட்டு வழக்கம்போல முக்காலியோடு வந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை அதில் உட்காரச் சொன்னேன்.

"இன்னிக்கு நான் எண்ணுறேன். நீ இழு."

"எனக்கு என்னங்க வந்திச்சு?"

"பேசாம இழு."

சிரித்துக்கொண்டே வயிற்றில் கை வைத்தாள். மொட் என்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதல் மூச்சு பாதியில் வெடித்துச் சிதறியது. மறுபடி ஆரம்பித்தேன். ஹாய். பா. தெருமுனையைத் தாண்டி மெயின் ரோட்டில் என் பஸ்ஸின் கட்டைத் தொண்டை ஹாரன் கேட்டது. என் கால் ஆடியதா என்று நான் பார்க்கவில்லை. போன் என்றேன்.

நான்கு ஆனதும் அவள் நிறுத்திவிட்டு, மறுபடி மொட் வருவதற்காகக் காத்திருந்தாள். அந்த பாஷையில் அடுத்த எண் எனக்குத் தெரியாது. அவள் பாதத்தின்மேல் என் பாதத்தை வைத்துக்கொண்டு, தமிழிலேயே "அஞ்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்தாள், வயிறு எழும்பும்படி, நீளமாக.

"ஆறு" என்றேன்.